சின்ன விசயத்துக்கே உடைஞ்சு போறன், மனசை எப்பிடித் திடமாக்குறது?

மல்லிகை_உப்புவெளி:
எல்லாருக்கும் வணக்கம். எழுதுறதா வேண்டாமா எண்டு மூண்டு நாளா யோசிச்சுப் போட்டுத்தான் எழுதுறன். எனக்கு 31 வயசு, திருகோணமலை டவுனில ஒரு ஒபிஸில கணக்குப் பகுதியில வேலை. போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை முடிஞ்சு பஸ் ஸ்ராண்டுக்கு ஓடி வாறன், என்ர கண்ணுக்கு முன்னால நிலாவெளி பஸ் வெளிக்கிட்டுப் போகுது. அவ்வளவுதான் நடந்தது. நான் அந்த இடத்திலயே நிண்டு அழத் தொடங்கிட்டன், சும்மா கண் கலங்கினது இல்ல, விக்கி விக்கி அழுறன், பக்கத்தில கச்சான் விக்கிற அம்மா எழும்பி வந்து கையைப் பிடிச்சு இருத்தித் தண்ணி தந்தா.

எங்கட அம்மா 2004 சுனாமியண்டு என்னை ஒரு கையிலயும் தம்பிய மற்றக் கையிலயும் இழுத்துக்கொண்டு ஓடினவ. எனக்கு அப்ப 9 வயசு. அப்பா இல்லாம எங்கள ரெண்டு பேரையும் படிப்பிச்சு ஆளாக்கினவ, ஒரு நாள் அழுது நான் காணேல்ல. அந்த அம்மாட பிள்ளை ஒரு பஸ் போனதுக்கு ரோட்டில நிண்டு அழுறன். இப்ப ஏழு மாசமா அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில, நான்தான் பாக்கிறன். தம்பி கட்டாரில.

பெரிய அழிவு வந்தா என்ன செய்யிறது எண்டு நான் கேக்கேல்ல. ஒவ்வொரு நாளும் வாற சின்னச் சின்ன அடியைத் தாங்குற மாதிரி மனசை எப்பிடிப் பழக்கிறது? ஆராவது செய்து பாத்தது இருந்தாச் சொல்லுங்கோ.

ஓய்வாசிரியர்_தம்பலகாமம்:
பிள்ளை, குறையா நினைக்காதேங்கோ, உள்ளதைச் சொல்லுறன். 1990 சண்டைக்குள்ள உடுத்த உடுப்போட வெளிக்கிட்டு அகதி முகாமில இருந்த ஆக்கள் நாங்கள். திரும்பி வந்து பாத்தா வீட்டில கூரை இல்ல, கதவு நிலை கூட இல்ல. அதுக்குப் பிறகு சுனாமி, 2006இல மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்து வரேக்க பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டு இரவிரவா சமைச்சுக் குடுத்தம். ஒருத்தரும் எங்களுக்கு மனத்திடம் எண்டு பாடம் எடுக்கேல்ல, கஷ்டம்தான் படிப்பிச்சது. இந்தக் காலத்துப் பிள்ளையளைப் பொத்திப் பொத்தி வளத்திட்டம், அதாலதான் காத்தடிச்சாலே சாயிறியள். மனசை இறுக்கிப் பிடியுங்கோ, எல்லாம் சரி வரும்.

நிலாவெளி_90:
சேர் உங்கள மதிச்சுத்தான் சொல்லுறன், இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் வாயைத் திறக்காம இருந்தனாங்கள். எனக்கு ஒண்டு வந்து வீட்டில சொன்னா "நாங்கள் சுனாமியையே பாத்தனாங்கள், இது என்ன" எண்டுதான் பதில் வரும். எங்கட அப்பாவும் மனசை இறுக்கிப் பிடிச்ச ஆள்தான். வெளியில ஒரு சொல்லு வராது, ஆனா ஒவ்வொரு பின்னேரமும் போத்தலோட இருப்பார், அது எங்களுக்குத்தானே தெரியும். அந்தக்கா ஏழு மாசமா அம்மாவைத் தூக்கிப் பறிச்சுக்கொண்டு வேலைக்கும் போறா, அதைப் போய் பொத்தி வளத்த கதை எண்டு சொன்னா எப்பிடி?

என்ர விசயத்தையும் சொல்லுறன் அக்கா. நான் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில வேலை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போட வெள்ளைக்காரர் வாறது நிண்டு வேலை போச்சு. கொஞ்சம் நிமிர 2020 கொரோனா, திரும்பப் போச்சு. 2022இல பெற்றோல் இல்ல, காஸ் இல்ல, கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்கள், மூண்டாந்தரமும் போச்சு. மூண்டாந்தரம் நான் விழேல்ல, ஏன் தெரியுமா? மனசு வைரமாகினதால இல்ல. ரெண்டாந்தரம் விழுந்தாப் பிறகு ரெண்டு விசயம் செய்து வச்சனான். ஒண்டு, சீசன் நேரம் மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் கையில காசு புழங்கும், அதில ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் அம்மாட சீட்டில போட்டன், மாரிக்குத்தான் அந்தக் காசு. மற்றது ஏசி திருத்தப் பழகினன். மனத்திடத்தில பாதி கையில இருக்கிற காசும் கைத்தொழிலும்தான், இதை ஒருத்தரும் சொல்லுறேல்ல. நாளைக்கு அடுப்பு எரியுமா எண்டு தெரியாதவனிட்ட போய் மூச்சை இழுத்து விடு எண்டா அவன் என்ன செய்வான்.

தூரதேசம்:
நான் இப்ப ரொறன்ரோவில, சொந்த இடம் உவர்மலை. பனிக்காலம் வந்தா எனக்கும் இப்பிடித்தான், காரணமே இல்லாம அழுகை வரும். நடக்கத் தொடங்கினாப் பிறகு எவ்வளவோ பரவாயில்ல. அங்க டச்பே கடற்கரை இருக்கு, பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம் நடந்து பாருங்கோ தங்கச்சி. அந்தக் காத்துக்கு நான் இங்க ஏங்கிக் கொண்டிருக்கிறன்.

மல்லிகை_உப்புவெளி:
நன்றி அண்ணா. நடக்க ஆசைதான், அம்மாவைத் தனிய விட ஏலாது. பகலில பாக்கிற அன்ரி 5.30க்குப் போயிடுவா.

திருக்கடலூர்ப்பெடியன்:
அக்கா எனக்குப் படிச்ச கதை தெரியாது, கடல் வேலை. எங்கட அப்பா வலை பொத்துறதைச் சொல்லுறன், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கெண்டு எனக்குப் படுது. மாரியில வாடைக்காத்து எழும்பினா சின்ன வள்ளம் இறக்க ஏலாது, கடல் கொந்தளிச்சுக் கொண்டு கிடக்கும், அப்ப அப்பா கரையில இருக்கிற வாடிக் கொட்டிலுக்குள்ள வலையை எடுத்துப் போட்டு இருப்பார். கால் பெருவிரலில வலையைக் கொழுவி இழுத்துப் பிடிச்சு, ஊசியில நைலோன் நூலைச் சுத்திக்கொண்டு ஒவ்வொரு கண்ணாப் பொத்துவார். சின்னனில எனக்கு ஒரு விசயம் விளங்கிறேல்ல. ஓட்டை சின்னனாத்தான் இருக்கும், அப்பா முதல்ல கத்தியை எடுத்து அதை இன்னும் பெரிசா வெட்டுவார். ஏனப்பா உள்ளதையும் கெடுக்கிறியள் எண்டு கேட்டா, பிய்ஞ்ச நூலில முடிச்சுப் போட்டா நிக்காதடா, நல்ல கண் வரைக்கும் வெட்டிப் போட்டு அங்க இருந்துதான் தொடங்க வேணும் எண்டுவார்.

நீங்கள் பஸ்ஸுக்கு அழுதது அந்த ஓட்டை. ஆனா பிய்ஞ்சு கிடக்கிறது அவ்வளவு மட்டும் இல்ல எண்டு நினைக்கிறன். நல்ல கண் வரைக்கும் வெட்டிப் பாருங்கோ, எங்க இருந்து பிய்ஞ்சு வருது எண்டு. மற்றது, வலையைத் தொழிலுக்குப் போற அண்டு விடியப் பொத்தேலாது, காத்தடிக்கிற நாளில பொத்தி வைக்க வேணும்.

வார்ட்_அக்கா:
தம்பி வலு வடிவாச் சொன்னீர். நான் 17 வருசம் வார்ட்டில வேலை செய்யிற தாதி. மல்லிகைத் தங்கச்சி, எல்லாரும் மனசைப் பற்றிக் கதைக்கிறினம், நான் வேற கேள்வி கேக்கிறன். இரவில எத்தினை மணித்தியாலம் படுக்கிறீங்கள்? ஒரேயடியாவா, விட்டு விட்டா? அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க எத்தினை தரம் எழும்புறீங்கள்? கடைசியா எப்ப ஒரு முழு இரவு நித்திரை கொண்டனீங்கள்?

மல்லிகை_உப்புவெளி:
அக்கா இந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்ல. கிளினிக்கில ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பச் சொன்னவை, முதுகில புண் வந்திடும் எண்டு. அதால 10 மணி, 12, 2, 4 எண்டு போனில அலாரம் வச்சு எழும்புறன். எல்லாம் கூட்டினா நாலு நாலரை மணித்தியாலம் படுப்பன். முழு இரவு எண்டா, அம்மா விழ முந்தின நாள்தான். எண்ணிப் பாத்தா 200 நாளுக்கு மேல. எழுதேக்கதான் எனக்கே தெரியுது.

வார்ட்_அக்கா:
தங்கச்சி கேளுங்கோ. உங்கட மனசில ஒரு பழுதும் இல்ல. 200 நாள் இரவில நாலு தரம் எழும்பின உடம்பு பஸ் ஸ்ராண்டில அழாட்டித்தான் நான் பயப்படுவன். நித்திரை துண்டு துண்டாப் போனா கோவம், அழுகை, பதட்டம் எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்கிற கடிவாளம் தளர்ந்து போகும், இதில பலவீனம் எண்டு ஒண்டும் இல்ல, மனிச உடம்பு அப்பிடித்தான். வார்ட்டில கூட ஒரே ஆளைத் தொடர்ந்து நைட் போட மாட்டினம். நீங்கள் ஏழு மாசமா நைட், அதோட டே டியூட்டியும்.

செய்யக்கூடியது ரெண்டு மூண்டு சொல்லுறன். ஒரு கட்டில் சீலையை நாலா மடிச்சு அம்மாட தோளில இருந்து தொடை வரைக்கும் கீழ விரிச்சு விடுங்கோ. திருப்பேக்க ஆளைப் பிடிச்சு இழுக்காம அந்தச் சீலையிட மற்றப் பக்க ஓரத்தைப் பிடிச்சு உங்கட பக்கம் இழுத்தா உடம்பு தானா உருளும், உங்கட நாரியும் தப்பும். முதுகுக்கு ஒரு தலாணி, முழங்காலுக்கு இடையில ஒண்டு, குதிக்கால் மெத்தையில முட்டாம இருக்கட்டும். காத்து மெத்தை எடுக்க முடிஞ்சா நல்லம், ஆனா அதுக்காகத் திருப்புறதை நிப்பாட்டேலாது, இரவில இடைவெளியைக் கூட்டலாமா எண்டு அம்மாட தோலைப் பாத்து கிளினிக்கிலதான் சொல்லுவினம், கட்டாயம் கேளுங்கோ. எல்லாத்துக்கும் மேல, கிழமைக்கு ஒரு இரவு எண்டாலும் வேற ஆள் பாக்க வேணும். ஆரும் இருக்கினமா?

பதட்டம் வாற நேரத்துக்கு ஒண்டு: நாலு எண்ணுற வரைக்கும் மூச்சை உள்ள இழுத்து, ஆறு எண்ணுற வரைக்கும் மெதுவா விடுங்கோ, ஒரு அஞ்சு நிமிசம். விடுற மூச்சு நீளமா இருக்க இருக்க இதயத் துடிப்பு இறங்கும். நிலாவெளித் தம்பி சொன்ன மாதிரி இதால அடுப்பெரியாது, உண்மைதான். ஆனா நெஞ்சு படபடக்கிற அந்த அஞ்சு நிமிசத்தைக் கடக்கலாம், நான் மோர்ச்சரிக்கு ஆளை அனுப்பிப் போட்டு அடுத்த கட்டிலுக்குப் போக முதல் ஸ்ரெயில நிண்டு செய்யிறனான்.

மல்லிகை_உப்புவெளி:
சின்னம்மா பாலையூற்றில இருக்கிறா, அவட மகள் வளந்த பிள்ளை. ரெண்டு தரம் வந்து நிக்கட்டா எண்டு கேட்டவை. நான்தான் பரவாயில்ல நான் பாப்பன் எண்டிட்டன். ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்க விருப்பமில்ல அக்கா. தம்பி கட்டாரில இருந்து எடுத்தாலும் ஓமடா எல்லாம் ஓகே எண்டுதான் சொல்லுறனான்.

கிண்ணியாக்காரி:
என்ன புள்ள நீங்க, கேட்டு வந்தவங்களயே திருப்பி அனுப்பிட்டீங்களே. ஒருத்தருக்கு உதவுற சந்தோசத்தை அவங்களுக்கும் கொஞ்சம் குடுங்க. எங்கட பக்கம் ஒரு விசயம் சொல்றன். கிண்ணியாப் பாலம் 2009இல திறந்தது, அதுக்கு முந்தி டவுனுக்கு வாறதெண்டா பாதை எண்டு சொல்ற மிதவைப் படகிலதான், அந்தப் பாதை வரும் வரைக்கும் எல்லாரும் கரையில நிக்கணும். எங்கட உம்மா சொல்லுவாங்க, அந்தக் கரையில நிண்டு நிண்டுதான் ஆர் ஊட்டுல ஆருக்குச் சுகமில்ல எண்டு ஊருக்கே தெரியும் எண்டு. இப்ப பாலத்தால அஞ்சு நிமிசத்தில போயிடுறம், ஒருத்தர ஒருத்தர் தெரியாது.

2022இல காஸ் கியூ நேரம் எங்கட ஒழுங்கையில ஆறு ஊட்டுக்காரர் சேந்து ஒரு விறகடுப்பில சமைச்சம், அதில இருந்துதான் எங்களுக்குள்ள பழக்கம் கூடினது. ஒரு கொப்பியில எழுதி வெச்சம், ஆர் ஊட்டுல படுக்கையில ஆள், ஆர் ஊட்டுல கைக்குழந்தை, ஆருக்கிட்ட தோணி, ஆருக்கு இன்சுலின் எடுக்கணும். சும்மா எழுதி வெச்சதுதான். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலோட மகாவலித் தண்ணி ஏறி வந்திச்சு பாருங்க, அந்த இரவு எங்களுக்கு யோசிக்க நேரமே இல்ல, கொப்பியப் பாத்து முதலாவது தோணியில மூணாம் ஊட்டு வாப்பாவையும் கைக்குழந்தையையும் ஏத்தினம். சாமான் எல்லாம் போச்சு, ஆக்கள் தப்பினம், அல்ஹம்துலில்லாஹ். பயம் இல்லாம இல்ல, எனக்குக் கை கால் நடுங்கினது. நடுங்கிக்கிட்டேதான் செஞ்சன்.

கேட்கிற_காது:
நான் உளவளத்துணை வேலை செய்யிற ஆள், இந்த மாவட்டத்திலதான். சேர் சொன்னதுக்கும் நிலாவெளித் தம்பி சொன்னதுக்கும் இடையில நிண்டு கொஞ்சம் கதைக்க வேணும் போல இருக்கு.

கஷ்டம்தான் மனசை வளர்க்கும் எண்டது பாதி உண்மை. ஹவாயில கவாய் எண்டு ஒரு தீவு, அங்க 1955இல பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் எண்ட உளவியலாளர் 40 வயசு வரைக்கும் தொடர்ந்து கவனிச்சவ. அதில மூண்டில ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு வறுமை, குடி, வீட்டில சண்டை, பெற்றோருக்கு மனநோய் எண்டு கன பிரச்சினை. அந்தக் கஷ்டப்பட்ட பிள்ளைகளிலயும் மூண்டில ஒரு பங்கு நல்ல நிலைக்கு வந்தவை. கஷ்டம் எல்லாருக்கும் இருந்தது, பிறகு ஏன் இவை மட்டும்? ஒண்டு, தன்னை உண்மையா நேசிக்கிற ஒரு ஆளாவது பக்கத்தில இருந்தது, அம்மம்மாவோ டீச்சரோ பக்கத்து வீட்டு ஆளோ. இன்னொண்டும் சொல்ல வேணும், சின்னனில தடுமாறின பிள்ளைகளிலயும் கன பேர் 30 வயசுக்குப் பிறகு ஒரு வேலை, நல்ல துணை, கோயில் குளம், ஊர்ச் சனம் எண்டு கிடைச்சு நிமிர்ந்திருக்கினம். 31 வயசில பிந்திப் போச்சு எண்டு ஒண்டும் இல்ல தங்கச்சி.

சேர், நீங்கள் 90இல தாங்கினது தனிய இல்ல எண்டு நினைக்கிறன். முகாமில பக்கத்துப் பாயில ஆள் இருந்தது, ஒரே கிடாரத்துச் சோறு, அழுதா கேக்க ஆள் இருந்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கன வருசமா இதைத்தான் எழுதுறார், போரும் சுனாமியும் தனி ஆளை மட்டும் இல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேத்துத்தான் காயப்படுத்தினது, ஆறுறதும் அப்பிடிச் சேர்ந்துதான் எண்டு. இந்தப் பிள்ளை ஏழு மாசமா ஒரு அறைக்குள்ள தனிய. உங்கட முகாமை விட அந்த அறை சில நேரம் பாரம் கூட.

மல்லிகை, ஒரு சின்னப் பழக்கம். பீட்டர் கோல்விட்சர் எண்ட ஜேர்மன் உளவியலாளர் ஆய்வு செய்து காட்டினது. "நான் தைரியமா இருப்பன்" எண்டு முடிவெடுத்தா அது நிக்காது. "இது நடந்தா இதைச் செய்வன்" எண்டு முன்கூட்டியே குறிச்சு வச்சா, அந்த நேரம் மூளை யோசிச்சுக் களைக்கத் தேவையில்ல. பஸ் போனா கச்சான் அம்மாவுக்குப் பக்கத்தில போய் இருப்பன், பத்து மூச்சு விடுவன், பிறகு அடுத்த பஸ்ஸைக் கேப்பன். இவ்வளவுதான். ஆராவது உதவட்டா எண்டு கேட்டா "ஓம், சனிக்கிழமை இரவு வாங்கோ" எண்டு சொல்லுவன். இதையும் எழுதி வையுங்கோ, பரவாயில்ல எண்ட சொல்லு உங்கட வாயில தானா வருது, அதுக்கு முதல் இது வர வேணும்.

ரெண்டு கிழமைக்கு மேல ஒவ்வொரு நாளும் அழுகை, சாப்பாட்டில விருப்பமில்ல, இருந்து என்ன எண்ட நினைப்பு வந்தா காத்திருக்காதேங்கோ. 1926 தேசிய மனநல நிறுவகத்திட இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். பிரதேச செயலகங்களில உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கினம், காசு இல்ல.

நிலாவெளி_90:
அக்கா பாலையூற்றில இருந்து ஆளைக் கூட்டி வர வாகனம் இல்லையெண்டா எனக்கு எழுதுங்கோ, சனி பின்னேரம் நான் அந்தப் பக்கம்தான் வாறனான்.

மல்லிகை_உப்புவெளி (அஞ்சு கிழமைக்குப் பிறகு):
எல்லாருக்கும் சொல்ல வேணும் எண்டு வந்தன். சின்னம்மாட மகள் சனிக்கிழமை இரவுகளில வந்து நிக்கிறாள். முதல் கிழமை நான் மற்ற அறையில படுத்தும் 12க்கும் 2க்கும் தானா முழிச்சன், போய் எட்டிப் பாத்தா அவள் அம்மாவைத் திருப்பிப் போட்டு தலாணி வச்சுக்கொண்டு இருக்கிறாள், அம்மா அவளிட்ட என்னவோ முணுமுணுக்கிறா. ரெண்டாம் கிழமை ஏழு மணித்தியாலம் படுத்தன், ஒரே நித்திரை. விடியக் கிணத்தடியில நிக்கேக்க செம்பருத்தி பூத்திருக்கிறதைப் பாத்தன். அது எப்பவும் பூக்கிறதுதான், நான்தான் ஏழு மாசமாப் பாக்கேல்ல.

சீலை போட்டுத் திருப்புறது நல்லா வசதி அக்கா. கிளினிக்கில கேட்டன், காத்து மெத்தை போட்டு தோல் நல்லா இருந்தா இரவில மூண்டு மணித்தியாலம் விடலாம் எண்டவை, தம்பி மெத்தைக்குக் காசு அனுப்பினவன். அவனிட்ட முதல்தரம் உண்மையைச் சொன்னன், போனில ரெண்டு பேரும் அழுதம். ஏனக்கா எனக்குச் சொல்லேல்ல எண்டு கோவிச்சவன். இப்ப வெள்ளிக்கிழமை இரவு அவனுக்கு லீவு, வீடியோவில அம்மாவோட ஒரு மணித்தியாலம் கதைப்பான், அந்த நேரம் எனக்கு.

எல்லாம் சரியாப் போச்சு எண்டு சொல்லேலாது. போன கிழமை ஒபிஸில ஒரு எக்கவுண்ட் பிழைச்சு மனேஜர் சத்தம் போட்டார், பாத்ரூமில போய் அழுதிட்டன். ஆனா முகம் கழுவிப் போட்டு வந்து அந்தப் பிழையைத் தேடிப் பிடிச்சன், 4ஐயும் 7ஐயும் மாத்தி அடிச்சிருக்கிறன். பஸ்ஸும் ஒருக்கா விட்டிட்டன். கச்சான் அம்மாட்டப் போய் இருந்தன். பத்து மூச்சு எண்ண முதலே அவ சுளகைத் தள்ளிவிட்டு இடம் தந்து, அவட மூத்த மகளிட கதையைத் தொடங்கிட்டா.

வார்ட்_அக்கா:
தங்கச்சி எனக்கு இண்டைக்கு இது போதும். நைட் டியூட்டிக்குப் போறன்.

திருக்கடலூர்ப்பெடியன்:
சந்தோசம் அக்கா. அப்பாட்ட வாசிச்சுக் காட்டினன், மனுசன் ஒண்டும் சொல்லேல்ல, ஊசியில நூல் சுத்திக்கொண்டே சிரிச்சார்.

ஓய்வாசிரியர்_தம்பலகாமம்:
நான் அண்டைக்கு எழுதினது சரியில்லப் பிள்ளை. காத்தடிச்சாச் சாயிறியள் எண்டு எழுதினனே, அதைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். கேட்கிற காது சொன்னது உண்மை, முகாமில நான் தனிய இருக்கேல்ல. மனிசி இருந்தவ. அவ போய் மூண்டு வருசம். பிள்ளையள் லண்டனில. மழை இரைச்சல் கேட்டா நான் இப்பவும் எழும்பிக் கதவைத் திறந்து வச்சிட்டு விடியும் வரைக்கும் கதிரையில இருக்கிறனான், ஓட வேண்டி வந்தா எண்டு. இது 2004இல இருந்து. ஆருக்கும் சொன்னதில்ல. அந்த இலக்கம் வயசு போன ஆக்களும் எடுக்கலாமோ?

கேட்கிற_காது:
எடுக்கலாம் சேர், 1926. இரவில மழை பெய்யிற நேரமே எடுங்கோ, ஆள் இருக்கும். நேர கதைக்க விருப்பமெண்டா உங்கட பிரதேச செயலகத்தில காலமை உளவளத்துணைப் பகுதி எண்டு கேளுங்கோ, ஒரு கடுதாசியும் கொண்டு போகத் தேவையில்ல.

நிலாவெளி_90:
சேர், தம்பலகாமத்தில எந்தப் பக்கம்? அண்டைக்கு நான் கொஞ்சம் சூடாக் கதைச்சிட்டன். ஞாயிற்றுக்கிழமை ஏசி வேலையொண்டுக்கு அந்தப் பக்கம் வாறன், தேத்தண்ணி ஒண்டு குடிக்க வரட்டா?

ஓய்வாசிரியர்_தம்பலகாமம்:
ஓம் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ.